களத்து வீதியைத் திருப்பிய ஸ்டியரிங்

வைகாசி பதினாறாம் தேதி காலை ஒன்பது மணிக்குத் திருமூர்த்தி தன் பச்சைக் காரில் ஏறி உட்கார்ந்து, புதிதாக மாட்டிய சாமான்கள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்க ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒரு சுற்று சுற்றினார். கார் திரும்பவில்லை, களத்து வீதி திரும்பியது. முப்பத்தெட்டு வீடுகளும், வீதி முக்குப் பிள்ளையார் கோயிலும், கடைசியில் இருக்கிற ஆறுக்குட்டியின் தேங்காய்க் களமும், கரண்டுக் கம்பங்களும், சாக்கடையும், சாக்கடையோரம் படுத்திருந்த நாயும் எல்லாம் சேர்ந்து, சாப்பாட்டுத் தட்டைத் திருப்பி வைக்கிற மாதிரி அலுங்காமல் குலுங்காமல் கால்வட்டம் சுற்றி நின்றன. அடுப்பில் இருந்த பால் பொங்கவில்லை, குடத்தில் இருந்த தண்ணீர் தளும்பவில்லை, நிழல்கள் மட்டும் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தன. எதிர்வீட்டில் தையல் மிஷின் முன்னால் இருந்த தெய்வானை, பதினைந்து வருசமாகக் காலை வெயில் கண்ணில் குத்தக் குத்த ஊசியில் நூல் கோத்தவள், தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணா, அப்படியே வெச்சிருங்க, இப்பத்தான் ஊசிக் காது தெரியுது" என்றாள்.

அப்படியே வைத்திருக்க முடியவில்லை. மெயின் ரோட்டுக்குப் பஸ் ஏறப் போன கணக்கு வாத்தியார் மாசிலாமணி, வீதி முக்கைத் தாண்டியதும் குளத்தங்கரையில் போய் நின்று, கொக்குகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "திருமூர்த்தி, பஸ் ஸ்டாப்பக் காணமுங்க" என்று புகார் சொன்னார். திருமூர்த்தி ஸ்டியரிங்கைத் திரும்ப வலது பக்கம் சுற்ற, வீதி பழைய இடத்துக்கு வந்து மெயின் ரோட்டோடு ஒட்டிக்கொண்டது, வாத்தியாரும் பஸ்ஸைப் பிடித்தார். அதிசயம் என்று யாரும் வாயைப் பிளக்கவில்லை. அன்றைக்கு நல்ல தண்ணீர் விடுகிற நாள். எட்டு நாளைக்கு ஒரு தரம் வருகிற தண்ணீரை விட்டுவிட்டு வீதி திரும்புவதைப் பார்த்துக்கொண்டு நிற்கப் பொள்ளாச்சியில் யாருக்கு நேரம் இருக்கிறது?

திருமூர்த்தி மட்டும் காரை விட்டு இறங்கவில்லை. எட்டி எட்டி முன் சக்கரத்தையே பார்த்தவருக்குக் கவலை பிடித்துக்கொண்டது. வீதி திரும்பியதற்காக அல்ல. கார் திரும்பாததற்காக.

ஏனென்றால் பன்னிரண்டு நாளில் அந்தக் கார் வால்பாறை மலையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பியாக வேண்டும்.

ஒன்பது வருசத்துக்கு முந்தி, திருமூர்த்தியின் மனைவி ரங்கநாயகியுடைய அக்கா தங்கமணி, வால்பாறையில் தன் ஒரே மகள் இந்துமதிக்குக் கல்யாணம் வைத்தாள். அக்காவும் தங்கையும் மட்டுமே பிறந்த வீடு அது. அப்பனும் ஆத்தாளும் போய்ச் சேர்ந்துவிட்டதால், அம்மா வீட்டுச் சீரைக் கொண்டு போகிற பொறுப்பு ரங்கநாயகி தலையில் விழுந்தது. அவளும் பட்டுப் புடவையும் மாலையும் பழமும் வெற்றிலையுமாக ஒன்பது தட்டு நிறைத்து, விடியக் காலையில் இதே பச்சைக் காரில் ஏறினாள். காரின் ஸ்டியரிங் ஒரு வருசமாகவே ஆட்டம் கொடுத்துக்கொண்டிருந்தது. ஸ்பின்னிங் மில்லில் முப்பத்து நாலு வருசம் மிஷின் பழுதுபார்க்கிற பிட்டராக இருந்த திருமூர்த்திக்கு அது தெரியாமல் இல்லை. இன்னும் ஒரு வருசம் தாங்கும் என்று தள்ளிப்போட்டார். ஒன்பதாவது வளைவில், சக்கரத்தையும் ஸ்டியரிங்கையும் இணைக்கிற கம்பியின் முனை, டை ராடு எண்டு என்பார்களே, அது தேய்ந்து கழன்று விழுந்தது. ஒரு சக்கரம் பொள்ளாச்சியையும் இன்னொரு சக்கரம் வால்பாறையையும் பார்த்துக்கொண்டு நின்றன. அடிபடவில்லை, அது புண்ணியம். ஆனால் ரங்கநாயகி பட்டுப் புடவையோடு ரோட்டோரக் கட்டைச் சுவரில் உட்கார்ந்து, மடியில் சீர்த்தட்டை வைத்துக்கொண்டு, குரங்குகளை விரட்டிக்கொண்டே முகூர்த்த நேரம் போவதைப் பார்த்தாள். மேலே வால்பாறையில் பந்தலே காத்திருந்தது. நேரம் தாண்டப் போகிறது என்று ஐயர் சொன்ன பிறகு, சீர் வராமலே தாலி கட்டினார்கள். அம்மா வீட்டுச் சீர் வராத கல்யாணம் என்று நாலு பேர் தங்கமணியின் காதுபடவே சொன்னார்கள். சாயங்காலம் தேயிலை லாரியில் ஏறி இவர்கள் போய் இறங்கியபோது பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தங்கமணி இவர்களைப் பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்தின கதவு ஒன்பது வருசம் சாத்தினபடியே இருந்தது.

அந்த ஒன்பது வருசமும் திருமூர்த்தி காரை ஊருக்குள் மட்டும், மாட்டு வண்டிக்குப் பின்னால் போகிற வேகத்தில் ஓட்டினார். ரங்கநாயகி அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை குத்திக் காட்டியதில்லை. அவள் சண்டை போட்டிருந்தால் அவருக்குப் பாதி பாரம் குறைந்திருக்கும்.

வைகாசி பிறந்ததும் இந்துமதி போன் செய்தாள். "சித்தி, இருபத்தெட்டாந் தேதி பாப்பாவுக்குக் காது குத்து. வாங்க. அம்மா உங்களக் கூப்புடுன்னு சொல்லல. கூப்புடாதன்னும் சொல்லல."

போனை வைத்துவிட்டு ரங்கநாயகி அடுப்படிக்குப் போய், ஏற்கெனவே கழுவின பாத்திரங்களை எல்லாம் மறுபடி கழுவினாள். பிறகு வந்து சொன்னாள்: "ஏனுங், அதே வண்டிலதான் போகோணும். வாடகை வண்டில போய் எறங்குனா, இன்னும் அவிய வண்டியச் சரி பண்ணாமத்தான் வெச்சிருக்கறாங்கன்னு அக்கா நெனப்பா."

அதனால்தான் திருமூர்த்தி கோயமுத்தூருக்குப் போய்க் கடை கடையாக ஏறி இறங்கி, அந்தக் காலத்து வண்டிக்குப் பொருந்துகிற டை ராடு எண்டு ஆறும், சக்கரத்தைத் திரும்ப விடுகிற குமிழ் மூட்டான பால் ஜாயின்ட் நாலும் தேடி வாங்கி வந்து, வீட்டு வாசலிலேயே காரை ஜாக்கி வைத்துத் தூக்கி, மரக்கட்டை முட்டுக் கொடுத்து, அடியில் சாக்கை விரித்துப் படுத்தார். வேறு யார் கையிலும் விட அவருக்கு மனசில்லை. நட்டைப் பூட்டியிருந்த துருப்பிடித்த ஊசிகளை நெம்பி எடுத்து, நட்டைக் கழற்றி, இரண்டு பக்கமும் இரண்டு சுத்தியலை வைத்து ஒரே நேரத்தில் ஓங்கித் தட்டினால் பிடித்துக்கொண்டிருக்கிற முனை பொத்தென்று விழும். அப்படி ஒவ்வொன்றாக விழ வைத்தார். பழைய முனை எத்தனை சுற்றில் கழன்றதோ அத்தனை சுற்றுப் புதியதை ஏற்ற வேண்டும். அதையும் விரல் விட்டு எண்ணி ஏற்றினார். கிரீஸ் அடித்தார். வேலை சுத்தம். ரங்கநாயகி கூடக் குனிந்து பார்த்து, "பளபளன்னு இருக்குதுங்க" என்றாள்.

கடைசியில் முன் சக்கரங்கள் இரண்டும் நேராக இருக்கின்றனவா என்று நூல் பிடித்துப் பார்க்க வேண்டும். அங்கேதான், ஒரு மில் பிட்டர் மட்டுமே செய்யக்கூடிய தப்பை அவர் செய்தார். காருக்கு நூல் பிடிக்கிறவர்கள் காரின் முன்னாலும் பின்னாலும் கம்பி நட்டு, காரோடு காராக நூலைக் கட்டுவார்கள். மில்லில் அப்படி இல்லை. அங்கே நூறு மிஷினை ஒரே வரிசையில் நிறுத்த வேண்டும், மிஷினை நம்பி நூல் கட்டினால் காலி, சுவரிலிருந்து சுவருக்குத்தான் கட்ட வேண்டும். முப்பத்து நாலு வருசம் அப்படிக் கட்டிய கை சும்மா இருக்குமா? வடக்கே பிள்ளையார் கோயில் விளக்குக் கம்பத்தில் ஒரு முனையும், தெற்கே ஆறுக்குட்டியின் களத்துக் கேட்டில் ஒரு முனையுமாக வீதி நீளத்துக்கு நூலை இழுத்துக் கட்டி, அந்த நூலுக்குச் சக்கரத்தைச் சேர்த்து, நூலை அவிழ்ப்பதற்கு முன்பே நட்டுகளை எல்லாம் இறுக்கிவிட்டார். ஸ்டியரிங் சக்கரத்தோடு சேராமல் வீதியோடு சேர்ந்துவிட்டது.

இது அவருக்கு மறுநாளே விளங்கிவிட்டது. கார் முன்னே போகும், பின்னே வரும். திருப்பினால் வீதிதான் எதிர்த் திசையில் சுற்றும். நூலை இந்தத் தடவை காரோடு கட்டி, நட்டைத் தளர்த்தி மறுபடி இறுக்கினால் போதும், ஒரு மணி நேர வேலை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தவரைத் தெய்வானை ஒரு டம்ளர் டீயோடு மறித்துக்கொண்டாள்.

"அண்ணா, இன்னிக்கு ஒருநா மட்டும். பன்னெண்டு ஜாக்கெட் தெச்சுக் குடுக்கோணும், கல்யாண வீட்டு ஜாக்கெட்டு."

அவருக்கு முகத்தை முறிக்கத் தெரியாது. இடது பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிக் கொடுத்தார். பதினோரு மணிக்கு அவள் தையலை முடித்ததும் நேராக்கினார். மூன்று மணிக்கு ஆறுக்குட்டி வந்தார். பெரிய மீசை, சின்னக் குரல். அவருடைய களத்துக்கு மேற்கே பழைய மில் சுவர் ஒன்று நிற்கிறது. பிற்பகல் ஆனால் அதன் நிழல் வந்து காய்கிற கொப்பரையின் மேல் படுத்துக்கொள்ளும். "மாப்ளே, வலது பக்கம் ஒரு சுத்து சுத்துனீங்கன்னா, களம் கெழக்க நவுந்து வெயில்ல நின்னுக்கும். ரெண்டு மணி நேரம் போதும்." சுற்றினார். கொப்பரை அன்றைக்கு உடைத்தால் கலகலவென்று சத்தம் வருகிற அளவுக்குக் காய்ந்தது. அதோடு, வீதி கிழக்கு மேற்காகத் திரும்பியதும் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வருகிற காற்று, எத்தனையோ வருசமாக வீட்டு முதுகுகளில் முட்டி முட்டிப் போன காற்று, நேராக வீதிக்குள் நுழைந்து, வீடு வீடாக எட்டிப் பார்த்து, காலண்டர்களைப் புரட்டி, சாயங்காலத் தூக்கம் போட்டவர்களின் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டுப் போனது.

அப்புறம் சொல்ல வேண்டுமா? களத்து வீதிக்காரர்கள் அதைத் தண்ணீர் லாரி வருகிற மாதிரி, கேபிள்காரன் வருகிற மாதிரி, வாழ்க்கையில் சேர்த்துக்கொண்டார்கள். மாசிலாமணி வாத்தியார் ஒரு கால அட்டவணை எழுதிப் பிள்ளையார் கோயில் சுவரில் ஒட்டினார். காலையில் தெய்வானைக்கும் கிழக்குப் பார்த்த பத்தொன்பது வீடுகளுக்கும் நிழல், ஆபீஸ் போகிற நேரத்தில் மெயின் ரோடு, மத்தியானம் மிளகாய், வடகம் காயப்போடுகிறவர்கள் கேட்கிற திசை, மூன்றிலிருந்து ஐந்து வரை ஆறுக்குட்டி களம், ஐந்திலிருந்து காற்று. ராகு காலத்தில் திருப்பக் கூடாது என்று பெண்கள் சேர்த்துக்கொண்டார்கள். வீதி திரும்பியிருந்த நேரமாகப் பார்த்து, தெற்குப் பார்த்த தலைவாசல் ஆகாது என்று சம்பந்தம் பேச வந்தவர்கள் இழுத்தபோது, அவர்கள் காபி குடித்து முடிப்பதற்குள் தலைவாசலைக் கிழக்கே பார்க்க வைத்துக் கொடுத்தார்கள், நிச்சயம் ஆகிவிட்டது. கோயில் பண்டாரத்திடம், சாமி திசை மாறினால் பரவாயில்லையா என்று யாரோ கேட்டார்கள். "சாமிக்கு எந்தப் பக்கமானா என்னுங்க, பூசை நேரத்துக்குப் பொங்கல் வந்துட்டாச் சரி" என்று பண்டாரம் முடித்துவிட்டார். நகராட்சி ஆபீசிலிருந்து ஒருவர் வீதியின் வரைபடத்தோடு வந்து, படத்தையும் வீதியையும் மாற்றி மாற்றிப் பார்த்து, படத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, "இப்பச் சரியா இருக்குது" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். நாய் மட்டும் இரண்டு நாள் குழம்பியது. பிறகு அதுவும் நிழல் எங்கே வரும் என்று அட்டவணையைப் படித்த மாதிரி முன்கூட்டியே போய்ப் படுத்துக்கொண்டது.

திருமூர்த்தியைப் பற்றிச் சொல்ல எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. நல்ல மனுசன்தான். ஆனால் முப்பத்து நாலு வருசம் மிஷின் சத்தத்துக்குள் நின்றவரை, அண்ணா என்றும் மாப்ளே என்றும் அப்புச்சி என்றும் ஒரு வீதியே கூப்பிட்டுக் கெஞ்சினால் யாருக்குத்தான் தலை கொஞ்சம் கனக்காது? காலையில் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, விபூதி பூசிக்கொண்டு டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தார் என்றால், சாயங்காலம்தான் இறங்குவார். டீ வந்தது, பணியாரம் வந்தது, முதல் அறுப்பு மாங்காய் வந்தது. ஸ்பேனர் பின்சீட்டில் கிடந்தது. "நாளைக்குப் பண்ணிப்போடலாம்" என்று அவர் ரங்கநாயகியிடம் சொன்னார். பதினெட்டாம் தேதி சொன்னார், பத்தொன்பதாம் தேதி சொன்னார், இருபதாம் தேதி சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். ஒரு வருசம் தாங்கும் என்று சொன்ன அதே வாய்தான்.

ரங்கநாயகி தன்பாட்டுக்குக் கடைக்குப் போனாள். குழந்தைக்குப் பட்டுப் பாவாடை எடுத்தாள். சீர்த்தட்டு ஒன்பதையும் புளி போட்டு விளக்கி வெயிலில் கவிழ்த்தாள். வெயில் நாளைக்கு நாலு தடவை இடம் மாறியதால் தட்டுகளையும் நாலு தடவை இடம் மாற்றினாள்.

இருபத்து மூன்றாம் தேதி திருமூர்த்திக்கே மனசு உறுத்தி, வீதிக்காரர்களைக் கூப்பிட்டு விசயத்தைச் சொன்னார். இருபத்தெட்டாம் தேதி காது குத்து. கார் வேண்டும். நூலைக் காரோடு கட்டி நட்டை இறுக்கிவிட்டால், வீதி அந்த நேரத்தில் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறதோ அந்தப் பக்கமே நின்றுவிடும், அப்புறம் அசையாது. எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. பிட்டர் சொன்னால் சொன்னதுதான். போக வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. அக்கா தங்கச்சி சேர்வதற்குக் குறுக்கே நிற்கிற அளவுக்குக் களத்து வீதியில் கெட்டவர்கள் கிடையாது. ஆனால் எந்தப் பக்கம் நிறுத்துவது என்பதில்தான் வந்தது வினை.

பழையபடியே நிற்கட்டும் என்றார் வாத்தியார், பஸ் ஸ்டாப் இருக்கிறதே. கிழக்கு மேற்காக நின்றால் காற்று வருமே என்றார்கள் தெற்குக் கோடி வீட்டுக்காரர்கள். களம் கிழக்கே இருக்கட்டும் என்றார் ஆறுக்குட்டி. அப்படி நின்றால் எனக்கு மறுபடி வெயில் என்றாள் தெய்வானை. "உம்பட ஊசிக்கு மொத்த வீதியும் திரும்போணுமா அம்மிணி?" என்று ஆறுக்குட்டி கேட்க, "உங்க தேங்காய்க்குத் திரும்புனாத் தப்பில்லீங்களா?" என்று அவள் கேட்க, மூன்று நாள் பிள்ளையார் கோயில் வாசலில் இதே பேச்சு. ஒவ்வொரு நாளும் முடிவாகவில்லை, ஒவ்வொரு நாளும் "நாளைக்குப் பேசிக்கலாம் திருமூர்த்தி, இன்னும் நாள் கெடக்குது" என்று கலைந்தார்கள். திருமூர்த்தியும் தலையாட்டினார். எல்லாரும் ஒத்துக்கொண்டால்தானே கை வைக்கலாம்? தன் வீதியை எதிரியாக்கிக்கொண்டு எப்படிப் போவது?

இருபத்தாறாம் தேதி நாலு மணிக்குக் கூட்டம் காரைச் சுற்றியே கூடியது. வாயால் பேசி ஆகவில்லை, செய்து பார்த்துவிடலாம் என்று முடிவு. இப்படி கொஞ்சம் என்றார் ஆறுக்குட்டி, திருமூர்த்தி கொஞ்சம் திருப்பினார். போதும் போதும், அப்படி கொஞ்சம் என்றாள் தெய்வானை, அப்படிக் கொஞ்சம் திருப்பினார். விளக்குக் கம்பம் என் வாசலுக்கு நேராக வருகிறது என்றது ஒரு வீடு, சாக்கடை வாட்டம் கெட்டுப்போகும் என்றது ஒரு வீடு, வீதி அந்தப் பக்கம் நாலு விரற்கடை, இந்தப் பக்கம் நாலு விரற்கடை என்று தொட்டில் போல ஆடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் ரங்கநாயகி வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தாள். கையில் ஒரு பேக், அதற்குள் பட்டுப் பாவாடை. செருப்புப் போட்டிருந்தாள். கூட்டம் தானாக வழிவிட்டது.

"நான் பஸ்ஸுல போய்க்கறனுங்க" என்றாள். பஸ்ஸில் ஏறினால் மூன்றாவது வளைவிலேயே அவளுக்குக் குடலைப் புரட்டும் என்பது அந்த வீதி முழுக்கத் தெரியும். "இன்னிக்கே கெளம்புனாத்தான் வாந்தி எடுத்து, படுத்து எந்திரிச்சு, நாளான்னிக்கு நிக்க முடியும்."

"ரங்கா, நாளைக்கு..." என்று ஆரம்பித்தார் திருமூர்த்தி.

"தெய்வானைக்குத் திருப்புனீங்க. ஆறுக்குட்டி அண்ணனுக்குத் திருப்புனீங்க. வாத்தியாருக்கு, பண்டாரத்துக்கு, இந்த நாய்க்குங்கூடத் திருப்புனீங்க." அவள் குரலை உயர்த்தவே இல்லை. "என்னை எங்கக்கா இருக்கற பக்கம் ஒரு தடவ திருப்பிவிடறதுக்கு உங்களுக்கு ஒம்பது வருசம் பத்தலீங்களா?"

ஆறுக்குட்டி மீசையைத் தொட்டவர் தொட்டபடி நின்றார். திருமூர்த்திக்குக் காதெல்லாம் சுட்டது. வெட்கமாக இருந்தது, அந்த வெட்கத்துக்கு அடியில், ஒன்பது வருசமாக அவள் கேட்பாள் கேட்பாள் என்று காத்திருந்த கேள்வி வந்துவிட்டதே என்று ஒரு பெரிய நிம்மதியும் இருந்தது. அவர் ஸ்டியரிங்கை விட்டார். வீதி எங்கே நின்றது, எந்தப் பக்கம் பார்த்தது என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்சீட்டிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இறங்கி, வெளுத்த வேட்டியோடு மண்ணில் மல்லாந்து காருக்கு அடியில் நகர்ந்தார்.

"திருமூர்த்தி, இப்படிக் கோணையா நிக்குதே!" என்று வாத்தியார் பதறினார்.

"நிக்கட்டுமுங்க" என்றது காருக்கு அடியிலிருந்து குரல். "கம்பி நாலு வேணும், யாராச்சும் எடுத்தாங்க."

முதலில் தெய்வானைதான் ஓடினாள். மிஷின் டிராயரில் இருந்த புதுக் கட்டு நூலைக் கொண்டுவந்து, காருக்கு முன்னால் குத்துக்காலிட்டு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். கொப்பரை காயப்போடுகிற இடத்திலிருந்து நாலு கம்பியைப் பிடுங்கி வந்த ஆறுக்குட்டி, இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டார். நூல் காரோடு மட்டும் இருக்கிறதா, வேறு எந்தச் சுவரையும் கம்பத்தையும் தொடுகிறதா என்று வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துச் சுற்றி வந்து பார்த்தார். ரங்கநாயகி பேக்கைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து, கணவர் கேட்கக் கேட்க ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தாள். பதினேழுக்கு எது, பத்தொன்பதுக்கு எது என்று அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. கடைசி நட்டை இறுக்கியபோது வீதிக்கு அடியில் எங்கேயோ, பெரிய கதவுக்குத் தாழ் போட்ட மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான். களத்து வீதி வடக்கும் இல்லாமல் கிழக்கும் இல்லாமல், பேரே இல்லாத ஒரு கோணத்தில், கோணலாக நின்றுவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். மறுநாளிலிருந்து பார்த்தால், வெயில் சாய்வாக வந்து எல்லா வீட்டிலும் ஒரு கை நனைத்துவிட்டுப் போனது. தெய்வானைக்கு அரைக் கண் வெயில், அரைக் கண் நிழல். ஆறுக்குட்டியின் களத்துக்கு முக்கால் மணி நேரம் கூடுதல் வெயில். காற்று முன்போல வீதிக்குள் ஓடவில்லை, ஆனால் முக்கில் திரும்பி உள்ளே வந்து எட்டிப் பார்த்தது. யாருக்கும் முழுசாகக் கிடைக்கவில்லை, யாருக்கும் சுத்தமாக இல்லாமலும் போகவில்லை. வீதி முக்குக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் விட்டுப்போன இடத்தில் இருபத்தாறாம் தேதி ராத்திரியே நாலு வண்டி செம்மண் கொட்டி நிரவினார்கள். வாத்தியார் அட்டவணையைக் கிழித்துவிட்டு, அதன் பின்பக்கத்தில் பேரன் பேத்திகளுக்குப் பெருக்கல் போட்டுக் கொடுத்தார்.

இருபத்தேழாம் தேதி காலை எட்டு மணிக்கு, காது குத்துக்கு முழுசாக ஒரு நாள் முன்னதாக, பச்சைக் கார் கிளம்பியது. பின்சீட்டில் ஒன்பது சீர்த்தட்டு. அவற்றில் தெய்வானை தைத்த குட்டிச் சட்டையும், ஆறுக்குட்டி கொடுத்த இருபது தேங்காயும் வீதிக்காரர்கள் பங்காகச் சேர்ந்திருந்தன. செம்மண்ணைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு வந்ததும் திருமூர்த்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தார். கார் திரும்பியது. கண்ணாடியில் பார்த்தார், வீதி இருந்த இடத்திலேயே இருந்தது, முப்பத்தெட்டு வீட்டு ஆட்களும் முக்கில் நின்று கை காட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆழியாற்றைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் ரங்கநாயகி வாய்விட்டு எண்ண ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொரு வளைவிலும் சக்கரம் அவர் கை சொன்னதைக் கேட்டது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எட்டு என்று சொன்னவள் அடுத்த வளைவில் எண்ணுவதை நிறுத்திவிட்டு, அவர் முழங்கையின் மேல் கையை வைத்தாள். அந்தக் கட்டைச் சுவர் வந்தது. போயிற்று. "பத்து" என்றாள். இருபதுக்கு மேல் பனி இறங்கியது, முப்பதுக்கு மேல் தேயிலை வாசம் வந்தது, நாற்பது என்று அவள் சொன்னபோது இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாத சிரிப்பு.

தங்கமணியின் மளிகைக்கடைக்குப் பின்னால்தான் வீடு. வாசலில் இன்னும் பந்தல்கூடப் போடவில்லை, மூங்கில் வந்து இறங்கியிருந்தது. கார் வந்து நின்ற சத்தம் கேட்டு வெளியே வந்த தங்கமணி படியிலேயே நின்றாள். ஒன்பது வருசத்தில் தலை முழுக்க நரைத்திருந்தது. காரைப் பார்த்தாள், பின்சீட்டுத் தட்டுகளைப் பார்த்தாள், தங்கச்சியைப் பார்த்தாள். ரங்கநாயகி கதவைத் திறந்து இறங்கி, என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்ததை மறந்து, "சீர் கொண்டாந்துட்டேன் அக்கா" என்றாள். தங்கமணி இறங்கி வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு நா முன்னாலயே வந்துட்டியேடி" என்றாள். அப்புறம் இரண்டு பேரும் நின்றபடியே அழுதார்கள்.

திருமூர்த்தி டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். இறங்கலாமா, இறங்கினால் அந்தக் கதவு மறுபடி சாத்திக்கொள்ளுமா என்று அவருக்குத் தெரியவில்லை. தங்கமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தங்கச்சியின் தோளுக்கு மேலாக அவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, நேற்றுச் சாயங்காலம்தான் கடைசியாகப் பேசினவள் மாதிரிச் சொன்னாள்:

"மாப்ளே, வண்டியக் கொஞ்சம் திருப்பிப் போட்டுட்டு உள்ள வாங்க. பந்தல்காரங்க வர்ற நேரம்."

"ஆகட்டுமுங்க" என்றார் திருமூர்த்தி. கண்ணில் நீர் முட்டி முன் கண்ணாடியே தெரியவில்லை. ஆனாலும் கைக்கு வழி தெரிந்துதான் இருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்து மெல்ல, மிக மெல்ல, காரைத் திருப்பினார்.